மரத்தின் பாலும் டயரின் புகையும்

ரப்பர் மரத்தில் விளைவது. ஆகவே சுற்றுச்சூழலுக்குத் தீங்கற்றது என்கிறார்கள். இது பாதி உண்மை.

கோட்டயம் பக்கத்துத் தோட்டங்களில் விடியுமுன்னே பால்வெட்டுக்குப் போகும் தொழிலாளிக்கு அந்தப் பாதி நன்றாகத் தெரியும். நட்ட 7-ஆம் ஆண்டு வாக்கில் பட்டையைக் கீறினால் பால் சொட்டும். கீறிய பட்டை மறுபடி வளரும். 20, 25 ஆண்டுகள் பால் தந்த மரம், பிறகு பலகையாகும். அந்த இடத்தில் புதுக் கன்று நடலாம். பெட்ரோலியத்திலிருந்து செய்யும் செயற்கை ரப்பருக்கு இந்த வழி இல்லை.

ஆனால், காட்டை அழித்து ஒரே இன மரத்தை வரிசையாக நட்டுவிட்டு அதையும் காடு என்பது பொருந்தாது. பாலை உறையவைக்க ஆசிட் சேர்க்கிறார்கள். அந்தக் கழிவுநீர் ஓடையில் கலந்தால் ஓடை கெடும்.

பெரிய சிக்கல் டயரில்தான். அதில் இயற்கை ரப்பரோடு செயற்கை ரப்பர், கரித்தூள், எஃகுக் கம்பி எல்லாம் உண்டு. கந்தகம் சேர்த்துச் சூட்டில் இறுக்கிய ரப்பரை மெழுகுபோல் உருக்கி மீண்டும் வார்க்க முடியாது. வெளியே கிடந்தால் மழைநீர் தேங்கிக் கொசு பெருகும். எரித்தாலோ, கரும்புகை முதலில் நுழைவது பக்கத்துக் குடிசைக்குள்.

பழைய டயர்களை மறுசுழற்சி செய்விக்கும் பொறுப்பை 2022-இல் மத்திய அரசின் விதிகள் தயாரிப்பாளர்கள், இறக்குமதியாளர்கள் மீது சுமத்தின. ஏட்டுக் கணக்கோடு இது நின்றுவிடக் கூடாது. மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் டயர் எரியும் இடங்களுக்கே நேரில், அதுவும் இரவில், சென்று பார்க்க வேண்டும்.