புரியாத விதி அறிவிக்கப்பட்ட விதியாகுமா?

சர்க்கார் ஒரு விதியை இயற்றிக் கெஜட்டில் வெளியிட்டுவிட்டால், அன்று முதல் அது நாட்டிலுள்ள யாவருக்கும் தெரிந்ததாகவே சட்டம் கொள்கிறது. "எனக்குத் தெரியாது" என்று பின்னர் ஒருவர் சொல்வது செல்லாது. இக்கோட்பாடு அவசியமானதே, இஃதின்றேல் எச்சட்டத்தையும் எவர்மீதும் செலுத்த இயலாது. ஆனால் குடிமகன் விதியை அறிந்திருக்க வேண்டுமென்று கோரும் சர்க்கார், அவன் அறியத்தக்க வகையில் அதனை முதலில் சொல்லியிருக்க வேண்டுமன்றோ? 1951-ஆம் ஆண்டில் ஹர்லா என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதனைத் தெளிவுபடுத்தியது. ஜெய்ப்பூர் சமஸ்தானத்து மந்திராலோசனை சபை 1923-இல் அபினிச் சட்டமொன்றைத் தீர்மானமாக நிறைவேற்றி, எங்கும் வெளியிடாமலே வைத்துவிட்டது. அச்சட்டத்தின்கீழ்த் தண்டனை பெற்ற ஹர்லாவை நீதிமன்றம் விடுவித்தது. மக்கள் அறிய வாய்ப்பில்லாத சட்டத்தைக் கொண்டு மக்களைத் தண்டிப்பது இயற்கை நீதிக்கு ஒவ்வாது என்பது நீதிபதி விவியன் போஸ் எழுதிய தீர்ப்பின் சாரம்.

அந்தச் சட்டம் பெட்டிக்குள் பூட்டப்பட்டிருந்தது. நமக்கு வரும் மத்திய சர்க்கார் விதிகளோ ஒழுங்காக வெளியிடப்படுகின்றன. ஆனால் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. ஆரணியில் தறியில் அமர்ந்திருப்பவருக்கும், செங்கத்தில் மணிலா பயிரிடுபவருக்கும், பெட்டிக்குள் பூட்டிய விதிக்கும் தமக்குப் படிக்கவராத மொழியில் அச்சிட்ட விதிக்கும் வேற்றுமை மிகக் குறைவே.

இதில் நமது மாநிலத்தின் நிலை ஒரு விசித்திரமானது. மத்திய சர்க்காரின் ஆட்சிமொழி விதிகள், 1976, தமிழ்நாடு நீங்கலாக இந்தியா முழுவதற்கும் பொருந்தும் என்றே எழுதப்பட்டுள்ளன. பெரும் போராட்டத்தின் பயனாக வந்த விலக்கு அது. அதனால் இந்தி நம்மீது வராமற் போயிற்று. ஆனால் தமிழ் அதனால் வந்துவிடவில்லை. அந்த இடத்தில் ஆங்கிலமே நிற்கிறது. மாநில சர்க்காரின் காரியங்களுக்கு 1956-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் இருக்கிறது. நமது சங்கங்களின் துணைவிதிகளைத் தமிழிலேயே படிக்கிறோம். 2021 ஜூலையில் மத்திய சர்க்காரில் கூட்டுறவுக்கெனத் தனி அமைச்சகம் ஏற்பட்ட பின்னர், தில்லியிலிருந்து வரும் காகிதங்களும் நமது சங்கங்களின் அன்றாடக் காரியத்தில் இடம்பெறத் தொடங்கியுள்ளன. ஆதலால் இப்பிரச்சினை இனி நமக்குப் பெருகுமேயன்றிக் குறையாது.

மொழிபெயர்த்துத் தரும்படி கேட்டால் என்ன விடை வரும் என்பதை 2020-ஆம் ஆண்டில் நாடு கண்டது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு பற்றிய வரைவு அறிவிக்கையை மத்திய சர்க்கார் அவ்வாண்டு வெளியிட்டுப் பொதுமக்களின் ஆட்சேபங்களைக் கோரிற்று. கோரியது நாடு முழுவதையும். வெளியிட்டது இரு மொழிகளில். அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் அதனைப் பெயர்த்து வெளியிட வேண்டுமென்று தில்லி உயர் நீதிமன்றம் 2020 ஜூன் 30-ஆம் தேதி உத்தரவிட்டது. அதற்கு இணங்குவதற்குப் பதில், சட்டப்படி இரு மொழிகளே போதும் என்று வாதிட்டு மத்திய சர்க்கார் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஆட்சிமொழிச் சட்டத்தையே திருத்துவதைப் பற்றி ஆலோசிக்கலாமே என்று அப்போதைய தலைமை நீதிபதி போப்டே விசாரணையின்போது கருத்துத் தெரிவித்தார். ஒரு வரைவைப் பெயர்க்க ஆகும் செலவைவிட, பெயர்க்க மாட்டோமென்று வழக்காடுவதற்கு ஆகும் செலவு குறைவா என்பதைக் கணக்குப் பார்ப்பது தணிக்கைத் தொழிலிலுள்ள எனக்கு இயல்பாகவே தோன்றுகிறது!

இது கற்றோரின் மொழிப்பற்றுப் பிரச்சினை என்று அங்கத்தினர்கள் எண்ணிவிடலாகாது. நமது ஜில்லாவில் ஏழைகளின் பணம் இதனால் போயிருக்கிறது.

பிரதம மந்திரியின் கிசான் சம்மான் நிதித் திட்டம் 2019 பிப்ரவரியில் தொடங்கிற்று. நிலமுள்ள விவசாயக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணைகளில் வங்கிக் கணக்கிற்கே வரும். தொடக்கத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கு என்றிருந்தது, பின்னர் நிலமுடைய எல்லா விவசாயக் குடும்பங்களுக்கும் விரிக்கப்பட்டது. வருமான வரி செலுத்துவோர் முதலிய சிலர் விலக்கப்பட்டனர். தம் பெயரில் நிலமில்லாத குத்தகைதாரருக்கும் கூலியாளுக்கும் இதில் இடமில்லை. இவ்வளவும் விதிகளில் ஐயத்துக்கு இடமின்றி இருக்கின்றன. ஆயின் 2020-இல் கொரோனா ஊரடங்கினால் வேலையற்றிருந்த மக்களிடம் இடைத்தரகர்கள் வந்து, "கொரோனா நிவாரணம் வருகிறது, ஆதார் அட்டையும் வங்கிப் புத்தகமும் கொடுங்கள்" என்றார்கள். மக்கள் கொடுத்தார்கள். அதிகாரிகளின் கடவுச்சொற்கள் முறைதவறிப் பயன்படுத்தப்பட்டு, ஒரு சென்ட் நிலமும் இல்லாதவர்கள் விவசாயிகளாகப் பதிவு செய்யப்பட்டார்கள். கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை முதலிய ஜில்லாக்களில் இம்மோசடி அவ்வாண்டு ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் வெளிவந்தது. தகுதியற்றோர் கணக்குகளுக்குப் போன தொகை 110 கோடி ரூபாய் அளவில் இருக்குமென்று மாநில வேளாண்மைத் துறை அப்போது தெரிவித்தது. ஊழியர் பலர் வேலை நீக்கம் செய்யப்பட்டனர், பலர் கைதாயினர்.

பணம் திரும்பப் பெறப்பட்டது. யாரிடமிருந்து? கணக்கு யார் பெயரில் இருந்ததோ அவரிடமிருந்து. அவர்களுள் எத்தனையோ பேர் தாம் வாங்கியது எந்தத் திட்டத்தின் பணம் என்பதையே அறியாதவர்கள். தரகரின் கமிஷன் போக மிஞ்சியதை அரிசி பருப்புக்குச் செலவழித்தவர், முழுத்தொகையையும் கட்ட வேண்டியதாயிற்று. குற்றம் செய்தவர்களை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் "இது நிலம் உள்ளவருக்கு மட்டும், நிலமில்லாதவர் வாங்கினால் திருப்பிக் கட்ட நேரும்" என்று பெரிய எழுத்தில் ஒரு தட்டி ஊராட்சி அலுவலக வாயிலிலும் சங்க வாயிலிலும் தொங்கியிருக்குமானால், தரகரின் வாய்ச்சொல் இவ்வளவு எளிதில் விலைபோயிருக்காது. விதி தெரியாத ஊரில்தான் தரகனுக்குப் பிழைப்பு.

பயிர்க் காப்பீட்டின் கதையும் இத்தகையதே. இதில் இழப்பது வாங்கிய பணமன்று, வரவேண்டிய பணம். 2016-இல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் நமது அங்கத்தினர்கள் பலர் சங்கத்தின் மூலமாகவே சேர்ந்திருக்கின்றனர். 2020 முதல் கடன் பெறுவோருக்கும் இது கட்டாயமில்லை; வேண்டாமெனில் குறித்த காலத்துக்குள் எழுதிக் கொடுத்து விலகலாம். இதுவே பலருக்குத் தெரியாது. பிரீமியம் பிடித்ததாகக் கணக்கில் கண்ட பின்னரே, "இது என்ன?" என்று கேட்கிறார்கள். அதைவிட முக்கியமானது இழப்பீடு கணக்கிடும் முறை. ஒரு பகுதி முழுவதும் விளைச்சல் குன்றினால், பயிர் அறுவடைப் பரிசோதனையைக் கொண்டு அப்பகுதிக்கே இழப்பீடு கணக்கிடப்படும். தனித்தனியே எவரும் மனுக் கொடுக்க வேண்டுவதில்லை. ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு போன்றவற்றால் ஒருவர் வயல் மட்டும் கெட்டால், அவர் 72 மணி நேரத்துக்குள் தெரிவித்தாக வேண்டும். இவ்விரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டு, மனுக் கொடுக்க வேண்டிய இடத்தில் சும்மா இருந்தும், வேண்டாத இடத்தில் அலைந்தும் நொந்தவர்களைத் தணிக்கைக்குச் செல்லும் ஊர்தோறும் காண்கிறேன்.

இதற்குமேல் ஒரு செய்தி. நெற்பயிர் வெள்ளத்தில் மூழ்குவதை இந்தத் தனிவயல் இழப்பீட்டிலிருந்து 2018-இல் நீக்கிவிட்டார்கள். 2024 டிசம்பர் முதல் வாரத்தில், பெஞ்சல் புயலின்போது நமது மலையடிவாரத்தில் மண் சரிந்து ஏழு உயிர்கள் போயின. சாத்தனூர் அணையின் நீர் தென்பெண்ணையில் கரைபுரண்டது. அந்த நாட்களில், தண்ணீருக்குள் நிற்கும் தம் நெல் காப்பீட்டின் எந்தப் பிரிவில் வரும், எதில் வராது என்று எத்தனை விவசாயிகள் அறிந்திருந்தார்கள்? நெல் மூழ்குவதை 2026 காரீப் பருவம் முதல் மீண்டும் சேர்ப்பதாகவும், காட்டு விலங்குகளால் நேரும் சேதத்தையும் கூடுதலாகச் சேர்க்க இடமளிப்பதாகவும் 2025 நவம்பரில் மத்திய வேளாண்மை அமைச்சகம் அறிவித்தது. ஜவ்வாது மலை அடிவாரத்துக் காட்டுப்பன்றித் தொல்லையை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி! நீக்கியபோது தெரியாமற் போனது போலவே சேர்த்தபோதும் தெரியாமற் போகலாகாது. அன்றியும் தில்லிக் காகிதம் காரீப், ரபி என்கிறது. நமது விவசாயி சொர்ணவாரி, சம்பா, நவரை என்கிறார். எது எதற்குள் அடங்கும் என்று ஒரு வரி எழுதுவதற்குக் கூடவா இயலாது?

நெசவாளர்களுக்கு வருவோம். 1985-ஆம் ஆண்டின் கைத்தறி இரக ஒதுக்கீட்டுச் சட்டப்படி சேலை, வேட்டி, லுங்கி, துண்டு, ஜமக்காளம் உள்ளிட்ட 11 இரகங்கள் இன்று கைத்தறிக்கென ஒதுக்கப்பட்டுள்ளன. முதலில் 22 இருந்தன. விசைத்தறியில் எந்த வகைச் சேலை நெய்யலாகாது என்பதை அறிவிக்கை நுட்பமாக வரையறுக்கிறது. அந்த நுட்பம் முழுவதும் ஆங்கிலத் தொழிற்சொற்களில் இருக்கிறது. பாவு, ஊடை, கோர்வை, பேட்டு என்று அதே நுட்பத்தை நாள்தோறும் கையால் செய்பவர், தமக்கு அளிக்கப்பட்ட பாதுகாப்பு எதுவரை என்று அறியாமல், கடைத்தெருவில் விசைத்தறிச் சேலை கைத்தறி என்ற பெயரில் விற்பதைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார். புகார் எழுதத் தெரிந்தால் அமலாக்க அலுவலர் வருவார். எழுதுவதற்குச் சட்டத்தின் சொல் வேண்டும். இவ்வறிவிக்கையைத் தமிழாக்குபவர் முதலில் தேவிகாபுரத்துக்கோ ஆரணிக்கோ வந்து ஒரு தறியின் அருகில் அரை நாள் உட்கார வேண்டும்.

ஏனெனில் தமிழில் பெயர்த்துவிட்டால் மட்டும் காரியம் முடிந்துவிடாது. மாதிரிக்கு நானே அமைத்த ஒரு வாக்கியம்: "உள்ளூர் சார் பேரிடரினால் அறிவிக்கை செய்யப்பெற்ற பயிருக்கு இழப்பு நேரிடும் நேர்வில், காப்புறுதி பெற்ற விவசாயியால் எழுபத்திரண்டு மணி நேரத்திற்குள் தகவலளிப்பு மேற்கொள்ளப்படுதல் வேண்டும்." தமிழ்தான், படித்தவர் யார்? இதையே, "ஆலங்கட்டி மழையாலோ மண் சரிந்தோ உங்கள் வயல் கெட்டால், மூன்று நாளுக்குள் 14447 என்ற எண்ணுக்குத் தெரிவியுங்கள். தெரிவிக்காவிட்டால் அந்த நஷ்டத்துக்குப் பணம் கிடைக்காது" என்று எழுதினால் பொருள் குறைந்துவிடுமா? 2022-இல் மத்திய சர்க்கார் தொடங்கிய பாஷினி போன்ற இயந்திர மொழிபெயர்ப்பு வசதிகள் வேலையை விரைவாக்கும். ஆனால் இயந்திரம் தருவது முதலாவது வகைத் தமிழுக்கே நெருங்கி நிற்கும் என்பது என் அனுபவம். இரண்டாவதை எழுத மனிதர் வேண்டும்.

எளிமையாக எழுதினால் சட்டத்தின் துல்லியம் கெடும், இரு மொழிப் பிரதிகளுக்குள் முரண் ஏற்பட்டால் வழக்கு வரும் என்று சிலர் அஞ்சுகின்றனர். அச்சம் நியாயமானதே. ஆனால் மத்தியச் சட்டங்களின் மாநில மொழிப் பெயர்ப்புக்கு அதிகாரபூர்வத் தகுதி அளிக்க 1973-லேயே தனிச் சட்டம் செய்யப்பட்டிருக்கிறது. விளக்கக் குறிப்போ சட்டமே அன்று. ஐயம் எழுந்தால் மூலமே செல்லும் என்று அடியில் ஒரு வரி போட்டால் தீர்ந்தது. அமெரிக்க நாட்டில் 2010-இல் தெளிநடை எழுத்துச் சட்டம் ஒன்று வந்தது. பொதுமக்களுக்கான விண்ணப்பங்கள், கடிதங்கள், அறிவிப்புகள் விளங்கும் நடையில் இருக்க வேண்டுமென்கிறது. விதிகளை மட்டும் அதன் எல்லைக்குள் கொண்டுவரவில்லை. அங்கும் தயக்கம் இருந்திருக்கிறது என்று தெரிகிறது. நம்மிடையே தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, நான்காம் பிரிவில், தகவல்களை உள்ளூர் மொழியையும் அவ்விடத்துக்கு ஏற்ற சாதனத்தையும் கருதிப் பரப்ப வேண்டுமென்று சொல்லியே இருக்கிறது. அறிவிப்புப் பலகையையும் பொது அறிவிப்பையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. தண்டோரா போடும் பழக்கத்தை 2022-இல் தமிழக சர்க்கார் நிறுத்தியது சரியே. ஒரு சமூகத்தாரின் தோளில் பறையை மாட்டி இழிவுபடுத்திய முறை ஒழிய வேண்டியதுதான். அதற்குப் பதிலாகச் சொல்லப்பட்ட ஒலிபெருக்கி வண்டியில் இந்த விதிகளையும் ஏற்றலாமே.

வந்தவாசியிலிருந்து நெடுந்தொலைவு இல்லாத உத்திரமேரூரில், பத்தாம் நூற்றாண்டில் முதற் பராந்தகன் காலத்தில், ஊர்ச்சபைத் தேர்தலின் விதிகளைச் சபை கூடிய இடத்தின் சுவரிலேயே வெட்டி வைத்தார்கள். யார் நிற்கலாம், யார் நிற்கலாகாது என்பதெல்லாம் அதில் உண்டு. கணக்குக் காட்டாதவர் நிற்கலாகாது என்பதும் அவற்றுள் ஒன்று. அதைப் படிக்கும் எந்தக் கூட்டுறவு ஆய்வாளரும் சற்றே மகிழ்வார்.

மத்திய சர்க்கார் செய்யும் வரை நாம் காத்திருக்க வேண்டுவதில்லை. நமது சங்கங்களின் ஆண்டுப் பொதுப்பேரவையில் வரவு செலவு வாசிக்கிறோம். அத்துடன், அவ்வாண்டில் அங்கத்தினரைப் பாதிக்கும்படி வந்த மத்திய விதிகளுள் மூன்றையோ நான்கையோ எடுத்து, யாருக்கு, என்ன, எந்தத் தேதிக்குள், மறுத்தால் எங்கே முறையிடுவது என்ற அளவில் வாசித்து, அதே தாளைப் பலகையில் ஒட்டலாம். எழுதுவதற்குச் சங்கச் செயலாளருக்கு ஆய்வாளர்கள் உதவ முடியும். நான் உதவச் சித்தமாயிருக்கிறேன். வாசித்தபின் கூட்டத்தில் எழுத்தறியாத ஒரு மூதாட்டியைக் கேட்டுப் பார்க்க வேண்டும். அவருக்கு விளங்கவில்லையெனில் தாளைத் திருத்தி எழுத வேண்டும்.

விளங்காத அறிவிப்பு வந்தால், அது இன்னதென்று விளக்கும்படி தமிழிலேயே தில்லிக்கு எழுதலாம். குறைதீர்க்கும் மனுவை மத்தியிலோ மாநிலத்திலோ வழங்கும் எம்மொழியிலும் அளிக்க அரசியலமைப்பின் 350-ஆம் ஷரத்து உரிமை தருகிறது. ஒரு சங்கத்தின் தீர்மான நகலோடு ஒரு கடிதம் போனால் ஒரு கோப்பு திறக்கப்படும். ஜில்லாவிலுள்ள எல்லாச் சங்கங்களிலிருந்தும் ஒரே மாதத்தில் போகட்டும். தீர்மானத்தின் வாசகத்தை விரும்பும் சங்கங்கள் எழுதிக் கேட்டால் அனுப்பி வைக்கிறேன்.