"இதுவரை ஒன்றும் ஆகவில்லையே, டீச்சர்!"

வகுப்பில் ஒரு மாணவி, தன் வீட்டு நாய்க்குத் திராட்சை என்றால் கொள்ளை ஆசை என்றாள். எனக்குத் திக்கென்றது. "கொடுக்காதே" என்றேன். "இதுவரை ஒன்றும் ஆகவில்லையே, டீச்சர்!" என்றாள்.

மாணவர்களே, இந்தப் பதில்தான் ஆபத்தானது. திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடும். அவற்றிலுள்ள டார்டாரிக் அமிலமே இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று 2021இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் சுட்டிக்காட்டினர். நம் ரசத்தில் சேரும் புளியிலும் இந்த அமிலம் உண்டு. பழத்தின் வகைக்கும் பழுத்த நிலைக்கும் ஏற்ப இதன் அளவு மாறும். நேற்றுத் தப்பிய நாய் இன்றும் தப்பும் என்பதற்கு உறுதியில்லை. தவறித் தின்றுவிட்டால், வாந்தி எடுக்கும்வரை காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரை நாடுங்கள்.

அதற்காக எல்லாப் பழங்களையும் ஒதுக்க வேண்டியதில்லை. விதை நீக்கிய தர்பூசணி, பப்பாளி, தோலுரித்த வாழைப்பழம் ஆகியவற்றை எப்போதாவது சிறு துண்டுகளாகக் கொடுக்கலாம். தின்பண்டங்கள் எல்லாம் சேர்ந்து நாயின் அன்றாடக் கலோரியில் 10 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. மாங்கொட்டை, ரம்புத்தான் கொட்டை போன்றவை தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளும். அவற்றை நாய்க்கு எட்டாமல் குப்பையில் போடுங்கள்.

நாய் வாலாட்டிக் கேட்கிறது என்பதற்காக அந்த உணவு அதற்கு நல்லது என்று ஆகிவிடாது. தீபாவளிப் பாயசத்தை அதற்கு ஊற்றும் முன், அதில் மிதக்கும் உலர்திராட்சையைக் கொஞ்சம் பாருங்கள். வளர்ப்பவர்களுக்கு அன்போடு அறிவும் வேண்டும்.