மலைப்பள்ளியில் நுழைந்த தீண்டாமை

இமயமலைக் கிராமங்களில் கள்ளங்கபடமற்ற மக்கள் வாழ்வதாகச் சுற்றுலா விளம்பரங்கள் கூறுகின்றன. அங்கே ஒரு தலித் குழந்தை எப்படி வளர்கிறது என்பதை அவை கூறுவதில்லை.

2021 டிசம்பரில், உத்தரகண்ட் மாநிலம் சம்பாவத் மாவட்டத்திலுள்ள சூக்கிதாங் அரசுப் பள்ளியில் மதிய உணவு சமைக்கத் தலித் பெண் ஒருவர் நியமிக்கப்பட்டார். அவர் சமைத்ததை உண்ண ஆதிக்கசாதி மாணவர்கள் மறுத்தனர். நியமன நடைமுறையில் பிழை என்று காரணம் கூறி அவர் நீக்கப்பட்டார். உடனே தலித் மாணவர்கள், ஆதிக்கசாதிப் பெண் சமைத்த உணவைத் தாங்களும் உண்ண மறுத்தனர். நாடெங்கும் கண்டனம் எழுந்த பிறகே அவருக்கு மீண்டும் வேலை கிடைத்தது.

அந்த மாணவர்கள் சாதியைத் தாமாகக் கண்டுபிடிக்கவில்லை. வீட்டில் கற்றதைப் பள்ளிக்குக் கொண்டுவந்தனர். அதைத் திருத்த வேண்டிய நிர்வாகமோ அதற்குப் பணிந்தது. ‘நீ வேறு’ என்ற பாடத்தைத் தலித் குழந்தைகளுக்கு அரசே நடத்தியது என்பதுதான் இதன் பொருள்.

சமவெளியில் சாதி இல்லை என்பதல்ல. ஆனால் அங்கே அடுத்த ஊரும் நகரமும் எட்டும் தொலைவில் உள்ளன. மலைக்கிராமத்தில் பெரும்பாலும் ஒரே பள்ளி, ஒரே நீரூற்று, ஒரே பாதை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் பட்டியல் சாதியினர் 18.76 சதவீதம். எனினும் பல ஊர்களில் அவர்கள் சில வீடுகளே. எதிர்த்து நிற்பதன் விலை என்ன என்பதை அவர்கள் அறிவார்கள். 1980இல் அல்மோரா மாவட்டம் கஃபல்டாவில், மணமகன் பல்லக்கிலிருந்து இறங்க மறுத்ததைத் தொடர்ந்து 14 தலித்துகள் படுகொலை செய்யப்பட்டனர். அத்தகைய மண்ணில் சூக்கிதாங் மாணவர்கள் காட்டிய துணிவு சாதாரணமானதல்ல.

மதிய உணவுப் பணியாளர் நியமனத்தில் தலித்துகளுக்கு முன்னுரிமை வழங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004இலேயே உத்தரவிட்டது. அந்த உத்தரவு மலையேற வேண்டும். பாகுபாட்டுக்குத் துணைபோகும் அதிகாரிகள்மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாய வேண்டும். நிலமற்ற தலித் குடும்பங்களுக்கு நிலம் வழங்கப்பட வேண்டும். பிழைப்புக்கு ஆதிக்கசாதியினரை அண்டி நிற்கும்வரை ஊர்விலக்கு என்ற ஆயுதம் மழுங்காது.

உணவை மறுத்து அநீதியை எதிர்த்த அந்தக் குழந்தைகளைத் தனித்து நிற்க விடலாகாது. அவர்களோடு நிற்பது ஜனநாயக இயக்கங்களின் கடமை.