சாரதிகளின் ஆசனம், ஓய்வு நேரம், மலசலகூட வசதி தொடர்பான கோரிக்கை மனு

கிளிநொச்சி மாவட்டப் பேருந்துச் சாரதிகள் சார்பில்,
கிளிநொச்சி மாவட்டச் செயலாளர், வடமாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபை, இலங்கை போக்குவரத்துச் சபை ஆகியோருக்கு.

மதிப்பிற்குரியீர்,

சாரதியின் இடுப்புவலியும் முழங்கால் வலியும் வயதின் கோளாறாகவே கணிக்கப்படுகின்றன. அவை வேலையிடத்தின் அமைப்பிலிருந்து வருபவை என்பதே எமது வாதம். எமது வீதிகளில் ஓடும் பஸ்களில் பெரும்பாலானவற்றுக்கு எஞ்சின் முன்னால், சாரதியின் இடப்பக்கத்தில் இருக்கிறது. அதன் சூட்டை வாங்கும் இடக்கால்தான் கிளச்சையும் மிதிக்கிறது. பொடி கட்டியபோது பொருத்திய ஆசனம் அப்படியே நின்றுவிடுவதால் குட்டையானவர் நுனியில் குந்துகிறார். நெட்டையானவர் முழங்காலை மடக்கிக்கொள்கிறார். அமர்ந்திருப்பவரின் முதுகெலும்பை மிகவும் உலுப்புவது செக்கனுக்கு ஏறத்தாழ 4 முதல் 8 தடவை வரும் மேல்கீழ் அதிர்வு. பள்ளமும் குழியுமான வீதி அதிர்வைக் கூட்டுகிறது. ஏ-9 வீதி செப்பனிடப்பட்டது பெரும் ஆறுதல், ஆனால் கிராமங்களுக்குத் திரும்பியதும் அந்த ஆறுதல் முடிந்துவிடுகிறது. வேலையின் தன்மையே நோயைத் தரும் என்பது புதிய செய்தியுமல்ல. லண்டன் பஸ்களில், படியேறி இறங்கிய நடத்துநர்களைவிட உட்கார்ந்தே இருந்த சாரதிகளுக்கு இதயநோய் அதிகம் என்று 1953 இலேயே ஆய்வு வெளியாகிவிட்டது.

தொடர்ந்து 4 மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டக்கூடாது, நாளொன்றுக்கு 9 மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது என்கிறது சர்வதேச தொழில் அமைப்பின் 1979ஆம் ஆண்டின் 153ஆம் இலக்கச் சமவாயம். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு சுமார் 400 கிலோமீற்றர். அதை 4 மணித்தியாலத்தில் ஓடி முடிக்க முடியாது. வழியில் தேநீருக்கு நிறுத்துகிறார்களே என்பார்கள். அந்த நிறுத்தம் பயணிகளுக்கானது. பிந்திய நிமிடங்களை ஈடுசெய்ய முதலில் வெட்டப்படுவதும் அதுதான். 2025இல் பஸ் சாரதிகளுக்கு ஆசனப்பட்டி கட்டாயமாக்கப்பட்டதை வரவேற்கிறோம். ஆனால் பட்டி மோதலின்போது உயிரைக் காக்குமே தவிர, கண் சொருகுவதைத் தடுக்காது.

மேலதிக நேரத்தைச் சாரதிகளே கேட்டு வாங்குகிறார்கள் என்ற மறுப்பும் உண்டு. உண்மைதான். அடிப்படைச் சம்பளத்தில் குடும்பம் நடத்த முடியாதவர் கேட்பதை விருப்பம் என்று எழுதிக்கொள்வது நியாயமல்ல. தனியார் பஸ்ஸில் நாளாந்த வசூலே கணக்கு. முன்னுக்கு வரும் பஸ்ஸில்தான் சனம் ஏறும். ஓய்வு கொடுக்கும் முதலாளி மற்றவரிடம் வசூலை இழப்பார். ஆகவே இதைத் தனித்தனி நல்லெண்ணத்துக்கு விட முடியாது. போக்குவரத்துச் சபை பஸ்களுக்கும் தனியார் பஸ்களுக்கும் பொதுவான இணைந்த நேர அட்டவணையிலேயே ஓய்வு நிமிடங்கள் எழுதப்பட வேண்டும், அவை ஓட்ட நேரமாகக் கணிக்கப்படவும் கூடாது.

செலவு பற்றிய அச்சத்துக்கும் இடமில்லை. நாங்கள் கேட்பது புதிய பஸ்களையல்ல. முன்பின் நகர்த்தி உயரம் மாற்றக்கூடிய ஆசனமும் எஞ்சின் மூடிக்கு வெப்பத் தடுப்பும் உள்ளனவா என்பதை வருடாந்தத் தகுதிச் சான்றிதழின்போது பரிசோதித்தால் போதும். சேவை முடியும் இடங்களில் சாரதி, நடத்துநருக்குத் தண்ணீரும் மலசலகூடமும் தேவை. அவை இல்லாத இடத்தில், இந்த வெயிலிலும் தண்ணீர் குடிக்காமல் ஓட்டுவதே வழக்கமாகிவிடுகிறது.

இவை குறித்து ஒரு கலந்துரையாடலுக்குத் திகதி தருமாறு வேண்டுகிறோம். காலைச் சேவைக்கும் மாலைச் சேவைக்கும் இடைப்பட்ட நேரமாக இருந்தால்தான் ஓட்டத்திலுள்ளவர்களும் வரமுடியும்.

இவ்வண்ணம்,
தலைவர், செயலாளர், அங்கத்தவர்கள்