மருதையாறு கேட்கும் கேள்வி

சவ்வாது மலையடிவாரத்து ஒடுகத்தூர்த் தோழர்களுக்குக் காட்டாற்றின் குணத்தை நாம் சொல்லித் தரத் தேவையில்லை. காலையில் ஆடு மேயும் ஓடை. மலையில் மழை கொட்டினால் மாலையில் ஆளை அடித்துச் செல்லும் வெள்ளம்! இத்தகைய ஓடைகள்மீது வெள்ளைக்காரன் காலத்து இரும்புப் பாலங்கள் பல இன்றும் நிற்கின்றன. அவற்றின்மீதுதான் நம் மக்களைச் சுமந்து ரயில்கள் ஓடுகின்றன.

1956 நவம்பர் 23, விடியற்காலை. சென்னையிலிருந்து புறப்பட்ட தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அரியலூரைத் தாண்டியது. கல்லகம் போய்ச் சேரவில்லை. இடையிலே மருதையாறு. சிற்றாறுதான், அன்றோ கரைபுரண்ட வெள்ளம். பாலம் நிலைகுலைந்தது. எஞ்சினும் பெட்டிகளும் ஆற்றில் வீழ்ந்தன. 140க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

அதற்கு மூன்று மாதத்துக்குள்தான், செப்டம்பர் 2ல், மகபூப்நகர் அருகே மழையில் ஒரு ரயில் பாலம் தகர்ந்து நூற்றுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டிருந்தது. அப்போது ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி தந்த ராஜினாமாவை நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு ஏற்றார். பதவி துறந்த பண்பை மதிக்கிறோம். ஆனால் கேட்கிறோம்: ராஜினாமாக் கடிதம் பாலத்தைத் தாங்குமா?

தாங்கவில்லை! 2005 அக்டோபர் 29ல், அன்றைய ஆந்திரத்தின் வலிகொண்டா அருகே, சிறு பாலம் ஒன்றை வெள்ளம் அரித்தது. டெல்டா பாசஞ்சர் கவிழ்ந்தது. மறுபடியும் நூற்றுக்கு மேற்பட்ட பிணங்கள்.

பாம்பனில் புதுப்பாலம் என்றால் 2025ல் பிரதமரே வந்து திறக்கிறார். ஓடைப் பாலத்துக்கு யார் வருவார்? ஒருவன் வருகிறான். கையிலே விளக்கு; கொட்டும் மழை; கும்மிருட்டு. அவன்தான் கேங்மேன். பாலத் தூணில் தீட்டிய அபாயக் கோட்டை நீர் எட்டிவிட்டதா என்று பார்ப்பவன் அவன். வெள்ளம் பெரும்பாலும் மேலேயுள்ள இரும்பை முறிப்பதில்லை. அடித்தளத்து மண்ணை அரித்தே பாலத்தைச் சாய்க்கிறது. ஓடும் ரயிலிலிருந்து அது தெரியாது. நடந்து பார்ப்பவனுக்கே தெரியும்.

ஆகவே நாம் கேட்பது சலுகையல்ல, உயிர்க்காப்பு. பாதைத் தொழிலாளர் பணியிடம் ஒன்றுகூடக் காலியாகக் கிடக்கலாகாது. மழை இரவில் ஒருவனைத் தனியே அனுப்பலாகாது. ஐயத்தின்பேரில் சிவப்பு விளக்கைக் காட்டி ரயிலை நிறுத்தியவனை, தாமதத்துக்குக் கணக்குக் கேட்டு அலைக்கழிக்கலாகாது.

மந்திரிகள் வருவர், போவர். மழையோ ஆண்டுதோறும் வரும். அந்த இரவில் ரயிலில் உறங்கும் ஆயிரம் பேரின் உயிர் ஒரு தொழிலாளியின் கைவிளக்கில் இருக்கிறது. அந்தக் கையை வலுப்படுத்துங்கள்!