அணையை மூட இயலாது. வயலைக் காயவிட இயலும்

2017 ஏப்ரலில் வைகை அணையின் நீர் ஆவியாவதைத் தடுக்க, நீர்ப்பரப்பின்மேல் தெர்மாகோல் அட்டைகள் மிதக்கவிடப்பட்டன. சிறிது நேரத்திலேயே காற்று அவற்றைக் கரைக்குத் தள்ளிவிட்டது. நாடே சிரித்தது. ஆனால் அந்தக் கவலை பொய்யல்ல. 2016-ம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பைவிட 62 சதவீதம் குறைந்துபோயிற்று. அணையில் மிஞ்சிய கொஞ்ச நீரையும் வெயில் உறிஞ்சிற்று.

உலகம் சூடேறி வருவதால் இனி இத்தகைய ஆண்டுகள் அடிக்கடி வரக்கூடும். ஓராண்டு மழை பொய்க்கும். மறு ஆண்டு ஒரே வாரத்தில் கொட்டித் தீர்க்கும். 1959-ல் திறக்கப்பட்ட 71 அடி அணையை நம்பியிருக்கும் ஐந்து மாவட்ட மக்கள் இதற்கு ஆயத்தமாக வேண்டும். அணையின் மேற்பரப்பை மூட இயலாது. வயலில் நீரை மிச்சப்படுத்த இயலும்.

நெல் நீரில் வாழும் பயிர் என்பது நெடுநாளைய எண்ணம். உண்மையில் அது நீர் தேங்குவதைத் தாங்கும் பயிரே ஆகும். எப்போதும் நீர் தேங்கிய மண்ணில் காற்று இராது. அங்கு வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேன் வாயுவை உண்டாக்கும். இது கரியமில வாயுவைவிடப் பன்மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைப்பது. வயலை இடையிடையே காயவிட்டால் இந்த வாயு பாதியளவுகூடக் குறையும். நீரும் 30 சதவீதம் வரை மிச்சமாகும்.

"காய்ச்சலும் பாய்ச்சலும்" எனப்படும் இம்முறைக்குத் தேவை ஓரடி நீளமுள்ள துளையிட்ட பி.வி.சி. குழாய் ஒன்றே. அதன் பாதியை மண்ணில் இறக்கி, உள்ளிருக்கும் மண்ணை எடுத்துவிட வேண்டும். நட்டு இரண்டு வாரம் கழிந்தபின், குழாயினுள் நீர்மட்டம் தரையிலிருந்து 15 செ.மீ. கீழே இறங்கியதும் 5 செ.மீ. உயரத்துக்கு நீர் பாய்ச்சினால் போதும். பூக்கும் தருணத்துக்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் வயல் காயக்கூடாது. களை சற்றுக் கூடுதலாக முளைக்கும். உருளும் களைக்கருவியை உரிய காலத்தில் ஓட்ட வேண்டும்.

ஒரு ஏக்கரில் 5 செ.மீ. நீர் என்பது சுமார் 2 லட்சம் லிட்டர். பெரியாறு பிரதானக் கால்வாயின் இருபோகப் பரப்பு 45,041 ஏக்கர். அதில் ஒரே ஒரு பாய்ச்சல் குறைந்தால் சுமார் 32 கோடி கன அடி நீர் வயலுக்குச் செல்லாமல் மிஞ்சும். இதில் ஒரு பகுதி வழக்கமாகக் கிணறுகளுக்கு ஊறிச் செல்வது உண்மையே. ஆயினும் வினாடிக்கு 69 கன அடி வீதம் குடிநீர் திறப்பதாகக் கொண்டால், இது ஏறத்தாழ 50 நாள் தேவைக்குச் சமம்.

இங்குதான் சிறு விவசாயியின் நியாயமான கேள்வி எழுகிறது. "நான் மிச்சம்பிடிக்கும் நீர் யாருக்குப் போகும்?" அடுத்த முறை நீர் எந்தத் தேதியில் வரும் என்று தெரியாத கடைமடைக்காரர், வந்த நீரை வரப்பு முட்டக் கட்டிவைக்கவே செய்வார். அவரைக் குறை சொல்வது தவறு. மடை திறக்கும் தேதிகளைப் பருவத்துக்கு முன்பே அறிவித்து, அவற்றைத் தவறாமல் காக்க வேண்டியது நீர்வளத் துறையினரின் கடமை. மிச்சமான நீரில் ஒரு பங்கு கடைமடைக்கும் அடுத்த போகத்துக்கும் சேரும் என்ற உறுதியை நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களுக்கு எழுத்தில் தர வேண்டும்.

குடிநீருக்கே முதலிடம், இதில் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் மதுரை நகரமும் தன் பங்கைச் செய்ய வேண்டும். 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாகும். அப்போது அமைத்த குழிகளை ஆண்டுதோறும் தூர்வார வேண்டும். குழாய்க் கசிவை அடைப்பதும், கழிவுநீரைச் சுத்திகரித்து வயலுக்கும் மரப்பயிருக்கும் திருப்பித் தருவதும் மாநகராட்சியின் வேலை. ஆலைகள் தாம் பயன்படுத்திய நீரை மீண்டும் பயன்படுத்த வேண்டும். மீத்தேன் குறைப்பைக் கணக்கிட்டு நிறுவனங்கள் பணம் தரும் திட்டங்களும் வந்துள்ளன. ஒப்பந்தத்தைப் படித்துப் புரிந்துகொண்ட பின்னரே கையெழுத்திடுவது நல்லது.

கம்பம் பள்ளத்தாக்கில் வாழை, திராட்சை பயிரிடும் சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு முழு மானியம் உண்டு. வாழைச் சருகை எரிக்காமல் மரத்தடியில் மூடாக்காகப் பரப்பினால் மண்ணின் ஈரம் நெடுநாள் தங்கும்.

வரும் போகத்தில் வயல் முழுவதிலும் சோதிக்க வேண்டியதில்லை. ஒரு மூலையில் பத்து சென்ட்டில் குழாய் பதித்துப் பார்க்கலாம். பாய்ச்சிய தடவைகளையும் விளைச்சலையும் குறித்துவைக்க வேண்டும். அந்தக் கணக்கு கையில் இருந்தால், அடுத்த பாசனக் கூட்டத்தில் விவசாயியின் உரிமைக் குரலுக்கு வலு கூடும்.