சுவருக்குள் இருந்து எழும் நெடி: 'பசுமை' என்ற பெயர் மட்டும் போதுமா?

இன்று நாம் வாசித்துவிட்டு ஒதுக்கும் செய்தித்தாள், நாளை யாரோ ஒருவருடைய கூரைக்குள் பஞ்சாகக் கிடந்து குளிரைத் தடுத்து நிற்கக்கூடும். பழைய தாளை அரைத்துத் துகளாக்கி, தீயும் பூஞ்சணமும் பூச்சியும் அணுகாதிருக்க உப்புக்களைக் கலந்து, குழாய் மூலம் கூரையறைகளிலும் சுவர் இடைவெளிகளிலும் ஊதி நிரப்பும் முறை ஐரோப்பாவில் பரவலாக உள்ளது. செலுலோஸ் வெப்பக்காப்பு என்பது இதன் பெயர். வீணாகும் தாள் பயனாகிறது. கண்ணாடி நாரைப் போன்று பெருஞ்சூட்டில் உருக்கி எடுக்க வேண்டியதில்லை. எனவே 'இயற்கையானது', 'சூழலுக்கு உகந்தது' என்ற அடைமொழிகள் இதற்கு எளிதிற் கிடைத்தன.

ஆயின் இதே பொருள்தான் பிரான்சில் 2012ஆம் ஆண்டில் பல குடும்பங்களைத் தமது வீட்டினுள்ளேயே மூக்கைப் பொத்திக்கொள்ள வைத்தது. பழங்கதை என்று இதனைத் தள்ளிவிட முடியாது. 2025 சனவரி 1 முதல், சக்தி வகைப்பாட்டில் ஆகக் கீழான 'ஜி' பிரிவைச் சேர்ந்த வீடுகளைப் புதிதாக வாடகைக்கு விடுவதற்குப் பிரெஞ்சுச் சட்டம் இடமளிப்பதில்லை. 2028இல் 'எப்' பிரிவுக்கும் 2034இல் 'ஈ' பிரிவுக்கும் இதே நிலை வரவிருக்கிறது. புறநகர்களின் பழைய கட்டடங்களில், குறைந்த வாடகை நாடிக் குடியிருக்கும் எம்மவரின் வீடுகள் பல இப்பிரிவுகளுக்குள் அடங்குபவை. ஆகவே திருத்த வேலைக்காரர்கள் எமது கதவையும் தட்டுவார்கள். அவர்கள் சுவருக்குள் எதை வைத்துவிட்டுப் போகிறார்கள் என்பதை அறிந்திருப்பது எமது கடமையாகிறது.

2012இல் நடந்தது என்ன? செலுலோசைத் தீயிலிருந்து காப்பதற்கு நெடுங்காலமாகச் சேர்க்கப்பட்டவை போரன் உப்புக்கள். இவை இனப்பெருக்க நலனுக்குத் தீங்கு விளைவிக்கக்கூடியவை என ஐரோப்பிய ஒன்றியம் வகைப்படுத்தியது. அதனைத் தொடர்ந்து, பிரான்சில் கட்டடப் பொருட்களை மதிப்பிடும் தொழில்நுட்பக் குழு 2011இல் உற்பத்தியாளர்களைப் போரனிலிருந்து விலகும்படி திருப்பியது. அவர்கள் அமோனியம் உப்புக்களை நாடினர். ஒரு தீங்கைத் தவிர்க்கும் நல்ல நோக்கமே இதற்கு அடிப்படை என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் மாற்றுப்பொருள் மனிதர் வாழும் வீட்டில், ஈரமும் வெப்பமும் மாறிமாறி வரும் பருவங்களில் எப்படி நடந்துகொள்ளும் என்பது போதிய அளவு சோதிக்கப்படவில்லை.

அமோனியம் உப்புக்கு ஓர் இயல்பு உண்டு. ஈரப்பதன் சேர்ந்து, சுண்ணாம்பு போன்ற காரத்தன்மையுள்ள பொருளும் அருகில் இருந்தால் அது அமோனியா வாயுவை வெளிவிடும். பூனை மூத்திரத்தை ஒத்த நெடி அதுவே. சில மாதங்களுக்குள் முறைப்பாடுகள் எழத் தொடங்கின. கண் எரிவு, தொண்டை அரிப்பு, இருமல், தலையிடி எனக் குடியிருப்போர் கூறினர். அமோனியா நீரில் இலகுவிற் கரைவது. ஆகையால் அது முதலில் தாக்குவது கண்ணையும் மூக்கையும் தொண்டையையுமே. முட்டு வருத்தம் உள்ளவர்களையும் குழந்தைகளையும் இது கூடுதலாக வாட்டும்.

இங்கு கவனிக்கத்தக்கது யாதெனில், முறைப்பாடு செய்தவர்களின் குரல் வீண்போகவில்லை என்பதாகும். 2012ஆம் ஆண்டிலேயே போரன் உப்புக்கள் மீள ஏற்கப்பட்டன. 2013 யூன் 21ஆம் திகதிய அமைச்சாணை, அமோனியம் உப்பு கலந்த செலுலோஸ் காப்பைச் சந்தைப்படுத்துவதைத் தடை செய்தது. 2016இல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்குமான விதி வந்தது. பத்து இலட்சம் பங்கு காற்றில் 3 பங்குக்குக் குறைவாக அமோனியா வெளிவிடும் பொருளே விற்கப்படலாம் என்ற கட்டுப்பாடு 2018 யூலை 14 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆய்வுகூடங்கள் எழுப்பாத கேள்வியைச் சாதாரண மக்களின் மூக்கு எழுப்பியது என்றால் அது மிகையாகாது.

நிற்க. பொதியின் மேல் ஒட்டப்பட்டிருக்கும் அடையாளச்சீட்டு எம்மைக் காக்காதா என்று வாசகர்கள் கேட்கலாம். பிரான்சில் 2012 முதல் கட்டடப் பொருட்களுக்கு 'ஏ பிளஸ்' தொடக்கம் 'சி' வரையான காற்றுத்தரச் சீட்டு கட்டாயமாக்கப்பட்டது. அது பயனுள்ளதே. ஆனால் அது அளப்பது போமல்டிகைட்டு, தொலுயீன் முதலான குறிப்பிட்ட சில ஆவியாகும் சேதனப் பொருட்களையும் அவற்றின் மொத்த அளவையும் மட்டுமே. அமோனியா அப்பட்டியலில் இல்லை. தவிர, தரம் தீர்மானிக்கப்படுவது 28 நாட்களின் பின்னுள்ள அளவைக்கொண்டு. அந்த முதல் நான்கு வாரங்களிலும் அவ்வீட்டில் உறங்கி எழும் குடும்பத்தின் மூச்சு அக்கணக்கில் வருவதில்லை. சீட்டு சொல்வது உண்மையாக இருக்கலாம். ஆனால் அது எல்லாவற்றையும் சொல்வதில்லை.

இதற்கு முன்னோடியான படிப்பினை கனடாவில் உண்டு. எண்ணெய் விலையேற்றத்தின் பின்னர் அந்நாட்டு அரசு 1977இல் வீட்டு வெப்பக்காப்புக்கு உதவித்தொகை வழங்கத் தொடங்கியது. யூரியா போமல்டிகைட்டு நுரை பல்லாயிரம் வீடுகளின் சுவர்களுள் ஊற்றப்பட்டது. கண்ணெரிவும் மூச்சுக்கோளாறும் பற்றிய முறைப்பாடுகளை அடுத்து 1980 டிசம்பரில் அரசே அதனைத் தடைசெய்தது. ஆனால் இழப்பீடு கேட்டுக் கியூபெக் வீட்டுச் சொந்தக்காரர்கள் தொடுத்த வழக்கு எட்டு ஆண்டுகள் நீடித்து, 1991இல் தள்ளுபடியானது. நுரைக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு நிரூபிக்கப்படவில்லை என்பதே தீர்ப்பின் சாரம். அந்நுரை வெளிவிடும் வாயு முதற் காலத்தில் அதிகமாகவும் பின்னர் படிப்படியாகக் குறைந்தும் செல்வது. நெடி அடங்கிய பின் எடுக்கும் அளவீடு, நெடி அடித்த நாட்களைப் பற்றிப் பேசாது. காலம் கடந்தால் சாட்சியும் கலைந்துவிடும் என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

இன்று பரவலாகத் தெளிக்கப்படும் பொலியூரத்தேன் நுரைக்கும் இது பொருந்தும். இரண்டு திரவங்களை வேலைத்தளத்திலேயே கலந்து தெளிப்பார்கள். அளவோ வெப்பநிலையோ பிழைத்தால் மீன்வாடை போன்ற நெடி தங்கிவிடக்கூடும். தெளிக்கும்போது காற்றில் கலக்கும் ஐசோசயனேற்று, முட்டு வருத்தத்தைத் தோற்றுவிக்க வல்லது. தகுந்த சுவாசக் காப்பு இன்றி இவ்வேலையில் இறங்கும் எமது இளைஞர்கள் தமது சுவாசப்பையையே கூலிக்கு விற்கிறார்கள்.

இரண்டு தவறான முடிவுகளுக்கு நாம் வந்துவிடக் கூடாது. நெடி இருக்கிறது என்பதனால் நோய் நிச்சயம் என்று பொருளன்று. நெடி இல்லை என்பதனால் ஆபத்து இல்லை என்றும் பொருளன்று. அதேபோல் வெப்பக்காப்பே வேண்டாம் என்பதும் அறியாமை. குளிரும் ஈரச்சுவரும் பூஞ்சணமும் தரும் நோய்களை நாம் நன்கறிவோம். செலுலோஸ் காப்பும் ஒழுங்காகத் தயாரித்து, உலர்ந்த இடத்தில், உரிய தடிப்பில் இட்டால் நல்ல பொருளே. குறை பெரும்பாலும் அவசரத்திலும் ஈரத்திலும் காற்றோட்டமின்மையிலும் இருக்கிறது.

எம்மவரின் பலவீனம் வேறொன்று. பொறுத்துப் போவதே அது. வீட்டுக்காரர் கோபிப்பார், வாடகை ஒப்பந்தம் போய்விடும், விசா விடயத்தில் சிக்கல் வரும் என்ற அச்சம் வாயைக் கட்டிவிடுகிறது. ஆனால் புகலிட விண்ணப்பத்தை ஆராய்வது ஒப்ரா அலுவலகம். வீட்டின் சுகாதாரத்தைப் பார்ப்பது நகரசபை. இரண்டும் வெவ்வேறு கோப்புகள். வாடகை வீடு குடியிருப்போரின் உடல்நலத்துக்குக் கேடு விளைவிக்காததாக இருக்க வேண்டும் என்பது 1989ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் உரிமையாளர் மீது சுமத்தும் கடமை. அது கருணையினால் கிடைப்பதன்று.

எனவே செய்யத்தக்கவை சில. வேலை தொடங்குமுன் இடப்படும் பொருளின் பெயரையும் பொதியிலுள்ள சீட்டையும் படமெடுத்து வையுங்கள். நெடி எழுந்தால் திகதி, நேரம், எந்த அறை, மழை நாளா வெயில் நாளா, யாருக்கு என்ன வருத்தம் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். வீட்டை விட்டு வெளியே சென்றால் வருத்தம் குறைகிறதா என்பதையும் குறியுங்கள். வைத்தியருக்கு அதுவே பெருந்துணை. குளிருக்கு அஞ்சி யன்னலின் மேலுள்ள காற்றுத் துவாரங்களை ஒட்டி மூடிவிடும் பழக்கத்தை அறவே கைவிடுங்கள். சாம்பிராணியும் வாசனைத் தெளிப்பானும் நெடியை மறைக்குமேயன்றி நீக்கா. ஜவெல் நீர்கொண்டு கழுவுவது அதனினும் ஆபத்தானது. அமோனியாவுடன் ஜவெல் சேர்ந்தால் நச்சு வாயு பிறக்கும்.

பின்னர் வீட்டுக்காரருக்குப் பதிவுத்தபாலில் எழுதுங்கள். பலனில்லையேல் நகரசபையிடம் செல்லுங்கள். வீட்டு விடயங்களில் இலவசமாகச் சட்ட ஆலோசனை வழங்கும் 'அடில்' நிலையங்கள் உள்ளன. வரவேற்பு நிலையங்களில் தங்கியிருப்போர் அங்குள்ள சமூகப் பணியாளரிடம் எழுத்தில் கொடுக்கலாம். மொழி தெரியாதோருக்கு, பாடசாலை செல்லும் பிள்ளை எழுதித் தரும் நாலு வரியும் போதும். சொந்த வீடு வைத்திருப்போர், வாசலுக்கு வந்து ஒப்பந்தத்தை நீட்டுவோரிடம் அவசரப்பட்டுக் கையொப்பம் இட வேண்டாம். இட்டாலும் 14 நாட்களுக்குள் அதனை விலக்கிக்கொள்ளும் உரிமை உண்டு.

பிரான்சின் அமோனியா விதி வானத்திலிருந்து விழுந்ததன்று. 'எங்கள் வீடு நாறுகிறது' என்று வெட்கப்படாமல் சொன்ன குடும்பங்களே அதற்கு வித்திட்டன. அவர்களுடைய முறைப்பாட்டின் பயனை இன்று ஐரோப்பா முழுவதும் அனுபவிக்கிறது. அந்த வரிசையில் எமது குரலும் இடம்பெறுவதற்கு எமது மௌனம் ஒன்றே தடையாக உள்ளது.